தங்கவயலின் மணற்குன்றுகள்: நிலத்தைச் சிற்பமாக்கும் கலையும் அறிவியலும்

நிலத்திலிருந்து ஒரு பொருளை வெட்டி எடுக்கும்போது இரண்டு வடிவங்கள் தோன்றுகின்றன. ஒன்று பள்ளம்; மற்றொன்று மேடு. ஏரி வெட்டிய நம் முன்னோர் இவ்விரண்டையும் பயனுள்ளவையாக ஆக்கிக்கொண்டனர். பள்ளத்தில் நீர் நின்றது. எடுத்த மண் கரையாயிற்று. கரையின் மேல் பனையும் புளியும் வேரூன்றி மண்ணைப் பிடித்துக்கொண்டன. சுரங்கத் தொழிலில் இவ்வாறு நிகழ்வதில்லை. பள்ளம் பூமியின் அடியில் மறைந்துவிடுகின்றது. மேடோ ஊரின் நடுவே நின்றுவிடுகின்றது.

கருநாடக மாநிலத்தில் பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்குச் செல்வோர் முதலிற் காண்பவை இத்தகைய மேடுகளே. சாம்பலும் வெளிர்மஞ்சளும் கலந்த நிறமுடைய இவை, தலை தட்டையாகவும் பக்கங்கள் வரிவரியாக அரிக்கப்பட்டும் குன்றுகளைப் போல் நிற்கின்றன. மக்கள் இவற்றைச் சயனைடு மேடுகள் என்பர். இயற்கை அமைத்த குன்றுகள் அல்ல இவை. நூறாண்டுகளுக்கும் மேலாக மனிதர் பூமியினடியிலிருந்து கல்லை வெட்டி, மேலே கொணர்ந்து, மாவாக அரைத்து, தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய எச்சமே இவை. இம்மேடுகளுக்கு நல்ல வடிவம் தந்து, மண்ணை நிலைக்கச் செய்து, மக்களுக்கு உகந்த இடங்களாக மாற்றுதல் கூடுமா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கல்லின் வரலாறு

தங்கவயலின் பாறைகள் மிகத் தொன்மையானவை. வடக்கு தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும், சில கிலோமீட்டர் அகலமும் மட்டுமே உடைய ஒரு கரும்பாறைப் பட்டை இங்கு அமைந்துள்ளது. சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாகப் பரவிய பாறை, பின்னர் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் மாறுதலுற்று இவ்வாறு ஆயிற்று. இப்பாறையின் பிளவுகளில் வெந்நீர்க் கரைசல்கள் புகுந்து வெண்ணிறப் படிகக் கல்லையும் அதனுடன் தங்கத்தையும் படியச் செய்தன. தங்கவயலுக்கு அருகிலுள்ள பெத்தபள்ளியில் எரிமலைச் சிதறல்களால் உருவான பாறைகள் காணப்படுகின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அவற்றைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. நிலத்தைச் சிற்பமாக்க விரும்புவோர்க்கு இயற்கையே விட்டுச்சென்ற மாதிரி அது எனலாம்.

1802ஆம் ஆண்டில் இப்பகுதியை அளந்த ஜான் வாரன் என்னும் படைத்துறை அதிகாரி, மக்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுத்ததைக் கண்டு எழுதினார். 1870களில் மைக்கேல் லாவெல் என்பவர் சுரங்க உரிமம் பெற்றார். 1880இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனத்தார் பொறுப்பேற்ற பின்னர் தொழில் பெருகிற்று. 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் இங்கு வந்து சேர்ந்தது. வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் இங்கு குடியேறின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தை எட்டிற்று. 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1962இல் மத்திய அரசின் பொறுப்பிற்கு வந்தன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் அமைந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. தொழில் நின்றது, மேடுகள் நின்றுகொண்டிருக்கின்றன.

மேடு உருவான விதம்

தங்கம் இக்கல்லில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களாகப் பரவியிருக்கின்றது. ஆகவே கல்லை உலக்கை ஆலைகளிலும் உருளை ஆலைகளிலும் இட்டு மாவாக அரைத்தல் இன்றியமையாததாயிற்று. தொடக்கத்தில் அரைத்த குழம்பைப் பாதரசம் பூசிய தகடுகளின் மேல் ஓடவிட்டுத் தங்கத்தைப் பிடித்தனர். இம்முறையில் ஒரு பகுதித் தங்கம் மணலுடன் போய்விட்டது. 1887இல் கிளாஸ்கோ நகரில் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் சயனைடு முறையைக் கண்டறிந்தனர். மிக நீர்த்த சயனைடுக் கரைசல், காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு தங்கத்தைக் கரைத்துக்கொள்ளும். பின்னர் அக்கரைசலில் துத்தநாகத்தை இட்டால் தங்கம் வெளிப்படும். எஞ்சிய மணலும் வண்டலும் மேடுகளாகக் குவிந்தன.

மேட்டிலுள்ள சயனைடு வெயிலாலும் காற்றாலும் நுண்ணுயிர்களாலும் காலப்போக்கில் சிதைவுறும் இயல்புடையது. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. சயனைடைக் காட்டிலும் நெடுங்காலம் நிற்கக்கூடிய இடர்கள் வேறு உண்டு. கோலாரின் சில தாதுப் படலங்களில் கந்தகமும் ஆர்சனிக்கும் அடங்கிய கனிப்பொருள்கள் உள்ளன. இவை காற்றும் நீரும் பட்டு மாறும்போது அமிலமும் உப்புகளும் தோன்றலாம். எனவே எல்லா மேடுகளும் ஒரே தன்மையுடையவை எனக் கொள்ளலாகாது. ஒவ்வொரு மேட்டையும் தனித்தனியே சோதித்தறிதல் வேண்டும்.

ஒரு கணக்கு

இம்மேடுகளின் பெருமையை உணர ஓர் எளிய கணக்குப் போதும். தங்கவயலில் எடுக்கப்பட்ட தங்கம் மொத்தம் ஏறத்தாழ 800 டன். தங்கத்தின் அடர்த்தி நீரினும் 19.3 மடங்கு. ஆகவே அத்தனை தங்கத்தையும் உருக்கி ஒரே கட்டியாக வார்த்தால், பக்கத்திற்கு மூன்றரை மீட்டர் அளவுள்ள கனசதுரம் கிடைக்கும். ஒரு சிறு வகுப்பறைக்குள் அதை வைத்துவிடலாம்.

எஞ்சிய மணலின் அளவு ஏறத்தாழ 330 இலட்சம் டன் என மதிப்பிடப்படுகின்றது. அது 13 மேடுகளாகப் பரந்து கிடக்கின்றது. ஒரு கனமீட்டர் மணல் ஒன்றரை டன் எனக் கொண்டால், அதன் கன அளவு 220 இலட்சம் கனமீட்டர். அதைக் கனசதுரமாக அடுக்கினால் ஒவ்வொரு பக்கமும் 280 மீட்டர் இருக்கும். வகுப்பறையில் அடங்கும் பொருளை உலகம் எடுத்துக்கொண்டது. 280 மீட்டர் உயரமுள்ள பொருளை ஊர் வைத்துக்கொண்டது.

காற்றும் மழையும் செதுக்கும் சிற்பம்

உலர்ந்த மணலை ஓரிடத்தில் கொட்டிக்கொண்டேயிருந்தால், அது ஒரு குறிப்பிட்ட சரிவை எட்டியதும் மேலும் செங்குத்தாகாமல் வழிந்துவிடும். இதனைத் தங்குகோணம் என்பர். மணலுக்கு இது பெரும்பாலும் 30 முதல் 35 பாகை வரை அமையும். கொட்டிய மேடு இக்கோணத்தில் நிற்பதாகத் தோன்றினும் அது உண்மையான உறுதியன்று. மழைத்துளி விழுந்து துகளைப் பெயர்க்கின்றது. நீர் ஒன்றுகூடி வாய்க்காலாகின்றது. வாய்க்கால் ஆழ்ந்து ஓடையாகின்றது. தங்கவயல் மேடுகளின் பக்கங்களில் விசிறி மடிப்பைப் போல் காணப்படும் பள்ளங்கள் இவ்வாறு அமைந்தவையே. பார்வைக்கு அவை அழகாகவே இருக்கின்றன. படம் பிடிப்போரும் திரைப்படம் எடுப்போரும் நாடி வருகின்றனர். ஆனால் அச்சிற்பத்திலிருந்து செதுக்கி எடுக்கப்பட்ட துகள் எங்கே செல்கின்றது என்பதே கேள்வி. ஒரு பகுதி தாழ்நிலங்களுக்கும் ஓடைகளுக்கும் செல்கின்றது. மற்றொரு பகுதி கோடையிலும் தென்மேற்குப் பருவக் காற்றிலும் புழுதியாக எழுந்து குடியிருப்புகளின் மேல் படிகின்றது. அரைக்கப்பட்ட படிகக் கல்லின் நுண்தூளைத் தொடர்ந்து மூச்சுடன் உட்கொள்ளுதல் நுரையீரலுக்குத் தீங்கானது என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை.

அரிப்பு சிறிதெனத் தோன்றினும் அதன் அளவு பெரிது. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் கனம் மட்டுமே கழுவப்பட்டாலும் அது 100 கனமீட்டர், அதாவது ஏறத்தாழ 150 டன் ஆகும்.

பிற நாடுகளின் அனுபவம்

சுரங்கம் விட்டுச்சென்ற நிலத்தையே சிற்பமாக வடித்தல் அண்மைக் காலத்தில் வளர்ந்த கலையாகும். அமெரிக்கச் சிற்பி ராபர்ட் ஸ்மித்சன் 1973இல் யூட்டா மாநிலத்திலுள்ள பிங்காம் செப்புச் சுரங்கக் குழிக்கு ஒரு திட்டம் வரைந்தார். அவ்வாண்டிலேயே அவர் விமான விபத்தில் மறைந்ததனாலும் பிற காரணங்களாலும் அது நிறைவேறவில்லை. 1979இல் ராபர்ட் மோரிஸ் வாஷிங்டன் மாநிலத்தில் கைவிடப்பட்ட சரளைக் குழியொன்றைப் படிப்படியான புல்வெளி அரங்கமாக ஆக்கினார். 1980களின் நடுவில் மைக்கேல் ஹைசர் இல்லினாய் மாநிலத்தில் பழைய நிலக்கரிச் சுரங்க நிலத்தில் ஆமை, தவளை, பாம்பு, மீன், நீர்ப்பூச்சி ஆகிய ஐந்து உருவங்களை மண்மேடுகளாக அமைத்தார். அங்குள்ள மண் மிகுந்த அமிலத்தன்மை உடையதாயிருந்தமையின், முதலில் சுண்ணாம்பிட்டு அதைத் திருத்த வேண்டியிருந்தது. 1992 முதல் 1996 வரை ஃபின்லாந்தில் ஆக்னெஸ் டெனெஸ் ஒரு சரளைக் குழியின் இடத்தில் குன்றமைத்து, 11,000 மனிதர்களைக் கொண்டு 11,000 பைன் மரங்களைச் சுருள் வரிசையில் நடச்செய்தார். 2012இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் சார்லஸ் ஜெங்க்ஸ் வடிவமைத்த படுத்திருக்கும் பெண் உருவம் திறக்கப்பட்டது. அருகிலுள்ள நிலக்கரிச் சுரங்கத்தின் 15 இலட்சம் டன் பாறையும் களிமண்ணும் மண்ணும் அதற்குப் பயன்பட்டன. அதன் நீளம் 400 மீட்டர். உயரம் 34 மீட்டர்.

நம் நாட்டிலும் இத்தகைய எண்ணம் புதியதன்று. மாமல்லபுரத்துச் சிற்பிகள் பாறையை வேறிடம் கொண்டுசெல்லாமல், அது நின்ற இடத்திலேயே அதன் பிளவையும் வளைவையும் பயன்படுத்திச் செதுக்கினர். சண்டிகரில் நெக் சந்த் 1950களின் இறுதியிலிருந்து உடைந்த ஓடு, வளையல், பீங்கான் முதலிய கழிவுகளால் தனியொருவராக அமைத்த பூங்கா 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின் மேலிருந்து அகற்றிய மண் குவியல்களின் மேல் மரங்கள் வளர்க்கப்பட்டுள்ளன.

இவ்விடத்தில் மோரிஸ் எழுப்பிய ஓர் ஐயத்தையும் கருதுதல் வேண்டும். பாழ்பட்ட நிலத்தைக் கலைஞன் அழகுபடுத்திவிட்டால், அதைப் பாழாக்கியவரின் பொறுப்பு மறைக்கப்பட்டுவிடாதா என்று அவர் வினவினார். தங்கவயலுக்கு இவ்வினா பெரிதும் பொருந்தும். 2001க்குப் பின் இவ்வூர் மக்களுள் பலர் நாள்தோறும் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். மேட்டின் மேல் புல் பச்சையாக இருந்து, அடியில் வாழ்வோரின் மூச்சில் புழுதி இருக்குமாயின், அச்சிற்பம் பயனற்றதாகும். ஆகவே முதலில் புழுதியும் அரிப்பும் நிற்றல் வேண்டும்; வடிவழகு அதனின்றும் தோன்றுதல் வேண்டும்.

ஒரு மேட்டை வடிவமைத்தல்

நிலச் சிற்பத்தின் முதல் விதி சரிவாகும். தங்குகோணத்தில் நிற்கும் மணலில் செடி வேரூன்றுதல் அரிது. மூன்றடி நீளத்திற்கு ஓரடி உயரம், அதாவது ஏறத்தாழ 18 பாகை என்னும் சரிவில் பணி எளிதாகும். ஆனால் இதற்கு இடம் வேண்டும். 30 மீட்டர் உயரமுள்ள மேட்டின் பக்கம், தங்குகோணத்தில் 45 மீட்டர் அகலத்தைப் பிடிக்கின்றது. 18 பாகைச் சரிவிற்கோ 90 மீட்டர் வேண்டும். உச்சியை வெட்டி அடியில் நிரப்பினாலும், மேட்டின் அடி 22 மீட்டருக்கு மேல் வெளியே நகரும். வீடுகள் நெருங்கியுள்ள பக்கத்தில் இது இயலாது. அங்கே அடியில் கற்சுவர் எழுப்பி, உச்சியை மிகுதியாகக் குறைத்தல் வேண்டும். இவ்வாறு, மேட்டின் ஒரு பக்கம் மெல்லச் சரிந்தும் மறுபக்கம் படிகளாகவும் அமைவது சிற்பியின் விருப்பத்தால் அன்று, அவ்விடத்தின் தேவையாலேயே ஆகும். நல்ல வடிவம் பெரும்பாலும் இவ்வாறே பிறக்கின்றது.

இரண்டாவது விதி, இயற்கைக் குன்றைப் பின்பற்றுதல். நெடுநாள் நிலைத்த குன்றின் தலை குவிந்தும் அடி குழிந்தும் இருக்கும். நேர்க்கோட்டுச் சரிவு அதற்கில்லை. மேலே நீர் குறைவு. ஆகவே அங்குச் சரிவு கூடலாம். கீழே நீர் திரளும். ஆகவே அங்குச் சரிவு குறைதல் வேண்டும்.

மூன்றாவது விதி, நீருக்கு வழிவிடுதல். சமவரைக் கோட்டை ஒட்டிப் படிகள் அமைத்து, ஒவ்வொரு படியையும் சிறிது உள்நோக்கிச் சாய்த்து, நீரைக் கல் பாவிய வாய்க்கால்களில் இறக்குதல் நலம். சுரங்கத்திலிருந்து வந்த கரும்பாறைத் துண்டுகள் இதற்குப் பயன்படும். வெளிர்மணலின் மேல் கருங்கல் வரிகள் ஓடும்போது, பாறைக்குள் ஓடிய தாதுப் படலத்தின் தோற்றமே வெளியில் அமைந்துவிடும். அவ்வரிகளை வடக்கு தெற்காகவே ஓடச்செய்தால், பூமியினடியில் தங்கம் ஓடிய திசையை மாணவர் மேலே நின்றே அறியலாம்.

நான்காவது விதி, தோலும் உயிரும் தருதல். அரைத்த மணலில் இலைமக்கு இல்லை; வேருக்கு வேண்டிய சத்தும் இல்லை. ஆகவே ஏரி வண்டல், தொழு உரம் ஆகியவற்றைக் கலந்த மண்ணை மேலே பரப்பி, அமிலமுள்ள இடத்தில் சுண்ணாம்பிட்டு, முதலில் புல்லையும் பயற்றினச் செடிகளையும் வளர்த்தல் வேண்டும். வெட்டிவேர் வரிசைகள் மண்ணைப் பிடிக்கும். இரயில் கற்றாழை வறட்சியைத் தாங்கும். பின்னர் புங்கும் வேம்பும் வைக்கலாம். மண்ணின் நச்சுத்தன்மை அறியப்படும்வரை கால்நடைத் தீவனமும் உண்ணும் பழங்களும் இங்கு விளைவித்தல் தகாது.

மீண்டும் தங்கம் எடுத்தால்

இம்மணலில் இன்னும் ஒரு டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான அளவில் தங்கம் உள்ளது. புதிய முறைகளால் அதனை எடுக்கும் திட்டம் வகுக்கப்பட்டு, 13 மேடுகளைக் கொண்ட ஏறத்தாழ 1,003 ஏக்கர் நிலத்திற்கு 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கருநாடக அமைச்சரவை இசைவு அளித்தது. மேடுகள் கரைந்துவிடும், எனவே அவற்றுக்கு வடிவம் தருவதைப் பற்றிப் பேசுவது வீண் என்று சிலர் கருதலாம்.

எடையைக் கணக்கிட்டால் இக்கருத்து நிற்காது. ஒரு டன் என்பது 10 இலட்சம் கிராம். அதிலிருந்து ஒரு கிராம் தங்கத்தை எடுத்துவிட்டால், 9,99,999 கிராம் மணல் அப்படியே எஞ்சும். அதாவது மேடு குறைவதில்லை, இடம் மாறுகின்றது. 330 இலட்சம் டன்னும் மீண்டும் எங்கேனும் வைக்கப்பட்டே ஆக வேண்டும். உண்மையில் இதுவே அரிய வாய்ப்பு. பழைய மேட்டைத் திருத்துவதற்குப் பெருஞ்செலவாகும். புதிதாக வைக்கும் மேட்டை முதல் நாளிலிருந்தே விரும்பிய சரிவிலும் வடிவத்திலும் வைத்தல் எளிது. பொறியாளர், மண்ணியலார், சிற்பி, ஊர் மக்கள் ஆகிய நால்வரும் மணல் நகர்வதற்கு முன்பே ஒரே மேசையில் அமர்ந்து வரைபடம் வகுத்தால் இது கைகூடும். மணல் நகர்ந்த பின் அமர்ந்தால், பிந்தைய நூறாண்டுக்கும் பழைய கதையே தொடரும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

களப்பணியாளர் ஒரு மேட்டின் அரிப்பை அளக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. முக்கால் மீட்டர் நீளமுள்ள இரும்புக் கம்பிகளைச் சரிவின் உச்சி, நடு, அடி ஆகிய இடங்களில் அடித்து, மண்மட்டத்தில் வண்ணக் குறியிட்டு வைக்கலாம். ஒவ்வொரு பருவமழைக்குப் பின்னும் குறிக்கும் மண்ணுக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதி வந்தால், எப்பக்கம் எவ்வளவு கரைகின்றது என்பது இரண்டே ஆண்டுகளில் தெளிவாகும். வெண்ணிற உப்புப் படிவு, தானாக முளைத்த செடி, மண்ணுக்குள் நீர் புகும் துளை ஆகியவற்றையும் வரைபடத்திற் குறித்தல் நன்று. தானாக முளைத்த செடியே அவ்விடத்திற்கு ஏற்ற செடி எது என்பதை முதலில் சொல்லும் ஆசானாகும்.

ஆசிரியர்கள் மாணவரைச் சயனைடு மேடுகளின் மேல் அழைத்துச் செல்லுதலோ, அம்மணலைப் பள்ளிக்குக் கொணர்தலோ கூடாது. சாதாரண ஆற்று மணலே சோதனைக்குப் போதும். உலர்ந்த மணலைப் புனலின் வழியாக ஒரு பலகையின் மேல் கொட்டி, குவியலின் உயரத்தையும் அடி விட்டத்தில் பாதியையும் அளக்கச் செய்க. உயரத்தை அதனால் வகுத்தால் ஏறத்தாழ 0.6 அல்லது 0.7 வரும். எவ்வளவு மணல் கொட்டினாலும் இவ்வெண் பெரிதும் மாறாது என்பதைக் கண்டு மாணவர் வியப்பர். பின்னர் தோட்ட மண்ணால் மூன்று சிறு மேடுகள் அமைக்கச் செய்க. ஒன்று செங்குத்தானது, ஒன்று படிகளுடையது, ஒன்று சரிவு குறைந்து வைக்கோல் போர்த்தது. மூன்றின் மேலும் ஒரே அளவு நீரைப் பூவாளியால் தெளித்து, வழிந்த மண்ணைத் தட்டில் சேர்த்து, உலர்த்தி, நிறுக்கச் செய்க. கலையும் அறிவியலும் ஒரே மேட்டில் சந்திக்கும் இடத்தை மாணவர் தராசிலேயே காண்பர்.

தங்கவயலின் மேடுகள் ஒரு தொழிலின் எச்சங்கள் மட்டுமல்ல. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், வெப்பத்திலும் பாறை வெடிப்பு அச்சத்திலும் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களின் உழைப்பு மேலே வந்து நிற்கும் உருவங்கள். அவற்றுக்கு எவ்வடிவம் தருவதென்று முடிவு செய்யும்போது, அக்கல்லை வெட்டியவர்களின் பிள்ளைகளிடம் முதலில் கேட்டறிதல் முறையாகும்.